அப்பலாச்சிய மலையில் டி.ஓ. கல்லூரி: மகளை அனுப்பலாமா?

#1 சார்லட் அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மகள் இந்த ஆண்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 504. எம்.டி. (இங்கே வழக்கமான மருத்துவப் பட்டம்) கல்லூரிகள் இரண்டில் காத்திருப்புப் பட்டியல், மற்ற எல்லா இடத்திலும் கைவிரித்துவிட்டார்கள். அப்பலாச்சிய மலைப்பகுதியில் ஒரு ஆஸ்டியோபதிக் மருத்துவக் கல்லூரியில், அதாவது டி.ஓ. பட்டம் தரும் கல்லூரியில், இடம் கிடைத்திருக்கிறது. கல்லூரிப் பெயரை இங்கே போட வேண்டாம் என்கிறாள்.

அவளுக்குச் சந்தோஷம்தான். வீட்டில்தான் பஞ்சாயத்து. கரீபியன் தீவில் ஒரு கல்லூரி எம்.டி. இடம் தருகிறது, அங்கே போகட்டும் என்கிறார் கணவர். மதுரையிலிருந்து மாமியார், "புத்தூர் கட்டு மாதிரியா? அதற்கு எதுக்கு அமெரிக்காவில் படிக்கணும்?" என்று கேட்கிறார். எனக்கும் முழுசாகத் தெரியாது. நாலு வருஷம் என்ன சொல்லிக்கொடுப்பார்கள், அந்த மலைக்குள் ஆஸ்பத்திரிப் பயிற்சி எங்கே நடக்கும், முடித்தபின் நல்ல இடத்தில் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிந்தைய ஆஸ்பத்திரிப் பயிற்சி) கிடைக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஓஹியோ ரெசிடென்ட்

ஆன்ட்டி, நான் டி.ஓ. முடித்துவிட்டுக் குடும்ப மருத்துவத்தில் ரெசிடென்சி செய்துகொண்டிருக்கிறேன். முதலில் பாட்டிக்குப் பதில். டி.ஓ. படித்தவர் முழு மருத்துவர். மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், 50 மாநிலங்களிலும் உரிமம் உண்டு. எங்கள் வார்டில் யார் எம்.டி., யார் டி.ஓ. என்று பேட்ஜைப் பார்த்தால்தான் தெரியும்.

முதல் இரண்டு வருடம் உடற்கூறியல், உயிர்வேதியியல், மருந்தியல், நோயியல். அப்புறம் இதயம், நுரையீரல், சிறுநீரகம் என்று உறுப்பு மண்டல வாரியாகப் பாடம். எந்த மருத்துவக் கல்லூரியிலும் இதுதான். இதற்கு மேல் எங்களுக்கு ஓ.எம்.எம். என்று ஒரு பாடம், அதாவது கையால் தொட்டுக் கண்டுபிடித்து, கையாலேயே சிகிச்சை செய்வது. இரண்டு வருடத்திலும் சேர்த்து ஏறக்குறைய 200 மணி நேரம் வரும்.

அந்த லேப் வேடிக்கையாக இருக்கும். மேசைகள் வரிசையாகக் கிடக்கும். டி-ஷர்ட், ஷார்ட்ஸில் ஒருவர் படுக்க, இன்னொருவர் அவர் முதுகில் கை வைத்துப் பழகுவார். தசையின் பதம் மாறியிருக்கிறதா, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா, அசைவு எங்கே தடைபடுகிறது, எங்கே தொட்டால் வலிக்கிறது என்று நான்கைத் தேடச் சொல்வார்கள். முதல் சில வாரம் கைக்கு ஒன்றுமே பிடிபடாது. பக்கத்து மேசைக்காரன் "ஐந்தாவது மார்பு முள்ளெலும்பு வலது பக்கம் திரும்பியிருக்கு" என்பான். எனக்கு அங்கே முதுகு மட்டும்தான் தெரியும். அவன் நிஜமாகவே கண்டுபிடித்தானா, அடித்துவிட்டானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

அப்புறம் ஒவ்வொரு முறையாக வரும். படக்கென்று சொடுக்கு எடுக்கும் எச்.வி.எல்.ஏ. இருக்கிறது. நோயாளியையே எதிர்த்துத் தள்ளச் சொல்லித் தசையைத் தளர்த்தும் மசில் எனர்ஜி, வலிக்கும் புள்ளியை வலிக்காத நிலைக்கு மடக்கிப் பிடித்திருக்கும் கவுன்டர்ஸ்ட்ரெயின், நிணநீரை ஓட்டும் பம்ப் எல்லாம் உண்டு. பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவையும் நிறைய. குடல்வாலுக்கான சாப்மன் புள்ளி (உள்ளுறுப்பின் கோளாறைக் காட்டுவதாகச் சொல்லும் தொடுபுள்ளி) வலது 12ஆம் விலா எலும்பின் நுனியில் இருக்கிறது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நோயாளியிடம் அதை ஒரு தடவைகூடப் பயன்படுத்தியதில்லை.

மூன்றாம், நான்காம் வருடம் ஆஸ்பத்திரியில். அதை இப்போது படிப்பவர் யாராவது சொன்னால் நல்லது.

#3 கோட்டை மாமா

நேராகவே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கரீபியனோ காஞ்சிபுரமோ, பெயருக்குப் பின்னால் எம்.டி. இருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். டி.ஓ. என்றால் காலமெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கணும். கல்யாணப் பேச்சில்கூட. இதற்கெல்லாம் ஒரு வரலாறு இருக்கிறது, சும்மா இல்லை.

#4 நூலகப் பூனை

வரலாறு என்று மாமா சொன்னதால் வருகிறேன்.

இதைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1828இல் வர்ஜீனியாவின் லீ கவுண்டியில் பிறந்தவர். எல்லை தாண்டினால் டென்னஸியின் ஹாரோகேட். இன்று அங்கே லிங்கன் மெமோரியல் பல்கலைக்கழகத்தின் டி.ஓ. கல்லூரி இருக்கிறது. 1864இல் மூளைக்காய்ச்சல் அவருடைய பிள்ளைகள் மூன்று பேரைக் கொண்டுபோனது. அந்தக் காலத்து மருத்துவம் என்றால் பாதரசமும் ரத்தம் வடிப்பதும்தான். அதில் வெறுத்துப்போய், உடம்பின் கட்டமைப்பைச் சரிசெய்தால் உடம்பே தன்னைக் குணப்படுத்திக்கொள்ளும் என்று 1874இல் அறிவித்தார். 1892இல் மிசூரி மாநிலத்தின் கர்க்ஸ்வில் என்ற சின்ன ஊரில் முதல் கல்லூரியைத் திறந்தார். முதல் வகுப்பிலேயே பெண்களும் இருந்தார்கள். ஆக, சிற்றூரில் கல்லூரி என்பது இந்த மரபுக்குப் புதிதே இல்லை.

ஸ்டில் சொன்ன பலதும் இன்று நிற்காது. கிருமி, மருந்து இரண்டையும் அவர் குறைத்தே மதிப்பிட்டார். கல்லூரிகள் மெல்ல மெல்ல நவீன மருத்துவம் முழுவதையும் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தன. இரண்டாம் உலகப் போரில் இவர்களை ராணுவ மருத்துவர்களாகச் சேர்க்கவில்லை. 1966இல்தான் பாதுகாப்புச் செயலர் மெக்னமாரா கதவைத் திறந்தார். 30 வருடம் கழித்து, 1996இல், ரொனால்ட் பிளாங்க் என்ற டி.ஓ. ராணுவத்தின் தலைமை மருத்துவரானார்.

எனக்குப் பிடித்த கதை கலிபோர்னியா. 1962இல் அங்கே டி.ஓ. சங்கமும் எம்.டி. சங்கமும் ஒன்றாகிவிட்டன. 65 டாலர் கட்டி ஏறக்குறைய 2,000 டி.ஓ.க்கள் எம்.டி. பட்டம் வாங்கிக்கொண்டார்கள்! நேற்றுவரை இவர்கள் மருத்துவரே இல்லை என்று பேசிய தரப்பு, ரசீது போட்டு ஒப்புக்கொண்டது. லாஸ் ஏஞ்சலஸில் இருந்த அவர்களின் கல்லூரியும் எம்.டி. கல்லூரியாகி, பின்னால் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தோடு சேர்ந்தது. புதிதாக டி.ஓ. உரிமம் தருவதையும் நிறுத்தினார்கள். 1974இல் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் திரும்பக் கிடைத்தது. 1977இல் பொமோனாவில் புதுக் கல்லூரி வந்தது.

கல்யாணப் பேச்சுக்கு ஒரு குறிப்பு: டிரம்ப்பின் முதல் ஆட்சியில் அவருடைய மருத்துவராக இருந்த ஷான் கான்லியும், பைடனின் மருத்துவர் கெவின் ஓ'கானரும் டி.ஓ.க்கள். பிள்ளை வீட்டாரிடம் சொல்லிப் பாருங்கள்.

#5 கோட்டை மாமா

அந்த இரண்டு பேரையும் பத்திரிகையில் எவ்வளவு கிழித்தார்கள் என்பதையும் சொல்லுங்கள் பூனையாரே.

#6 நூலகப் பூனை

கிழித்தது பட்டத்துக்காக இல்லை, மாமா. அரசியல் வேண்டாம், இழை மூடப்பட்டுவிடும்.

#7 நிலக்கரி டாக்டர்

சகோதரி, நான் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து இங்கே வந்தவன். நுரையீரல் மருத்துவம். ஜே-1 என்ற பயிற்சி விசாவில் ரெசிடென்சி முடித்தவர்கள் இரண்டு வருடம் தாய்நாட்டுக்குத் திரும்பவேண்டும். அல்லது டாக்டர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்று வருடம் வேலை செய்யவேண்டும். 1994 முதல் கான்ராட் திட்டத்தில் மாநிலங்கள் இப்படி ஆள் எடுக்கின்றன. அந்த வழியில் இந்த நிலக்கரி மலைக்கு வந்தேன். நம்மூர்க்காரர்கள், ஆந்திராக்காரர்கள், பாகிஸ்தானியர்கள் என்று இங்குள்ள பல ஆஸ்பத்திரிகளை ஓட்டியவர்களே நாங்கள்தான். மூன்று வருடம் முடிந்ததும் பெரும்பாலோர் நகரத்துக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகளின் படிப்பு, கோயில், நண்பர்கள்… யாரையும் குறை சொல்ல முடியாது. நான் ஏனோ தங்கிவிட்டேன்.

இந்த மலைக் கல்லூரிகள் எதற்காக வந்தன என்பது இதில்தான் இருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் லூயிஸ்பர்க்கில் 1974இல், மூடிப்போன ஒரு ராணுவப் பள்ளி வளாகத்தில் டி.ஓ. கல்லூரி தொடங்கினார்கள். கிழக்குக் கென்டக்கியின் பைக்வில்லில் 1997இல் இன்னொன்று. வெளியூர் டாக்டர் வருவார், போவார். உள்ளூர்ப் பிள்ளைகளைப் படிக்கவைத்தால் பாதிப் பேராவது இங்கேயே இருப்பார்கள் என்ற கணக்கு. ஓக்லஹோமாவில் செரோக்கி மக்கள் தங்கள் தலைநகரான டாலக்குவாவில் 2020இல் மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு டி.ஓ. கல்லூரி திறந்ததும் இதே கணக்கில்தான். பழங்குடி அரசு ஒன்று பங்கெடுத்த முதல் மருத்துவக் கல்லூரி அது. 2024இல் முதல் வகுப்பு வெளியே வந்தது.

உங்கள் மகள் இங்கே என்ன பார்ப்பாள் என்று சொல்கிறேன். 2016இல் கிழக்குக் கென்டக்கியில் ஒரே ஒரு எக்ஸ்ரே கிளினிக்கில் 20 மாதத்துக்குள் 60 சுரங்கத் தொழிலாளர்களுக்கு முற்றிய கருநுரையீரல் நோய் இருப்பதை அரசு ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஏறக்குறைய ஒழிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த நோய். தடித்த நிலக்கரி அடுக்குகள் தீர்ந்துபோய், மெல்லிய அடுக்குக்காகப் பாறையையும் சேர்த்து வெட்டுகிறார்கள். அந்தச் சிலிக்கா தூள் நுரையீரலைக் கல்லாக்கிவிடுகிறது. 40 வயதுக்காரர் என் அறைக்கு நடந்து வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார். இதோடு சர்க்கரை நோய், புகையிலை, ஓபியாய்டு (போதையாகிவிடும் வலி மருந்து). வேறெங்கோ பாடப்புத்தகத்தில் படமாகப் பார்ப்பதை மாணவர்கள் இங்கே ஒரே காலையில் நேரில் பார்க்கிறார்கள்.

என்னிடம் வரும் டி.ஓ. மாணவர்கள் படிப்பில் எப்படி என்று கேட்பீர்கள். எல்லா ரகமும் உண்டு, எம்.டி. மாணவர்களைப் போலவே. ஒரு வித்தியாசம் கவனித்திருக்கிறேன். நோயாளியைத் தொடக் கூச்சப்படமாட்டார்கள். இப்போதைய டாக்டர்கள் கம்ப்யூட்டரைத் தொடும் நேரத்தோடு பார்த்தால் இது பெரிய விஷயம்.

#8 மூன்றாம் ஆண்டு

ஆன்ட்டி, நான் இப்போது மூன்றாம் வருடம். வேறொரு மாநிலம், வேறொரு டி.ஓ. கல்லூரி, பெயர் சொல்லமாட்டேன். முதல் இரண்டு வருடத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எங்கே படித்தாலும் எல்லோரும் அதே அங்கி (Anki) செயலியின் மனப்பாடக் கார்டுகளையும் கேள்வி வங்கிகளையும் வைத்துத்தான் படிக்கிறோம். கல்லூரிக்குக் கல்லூரி வித்தியாசம் தெரிவது மூன்றாம் வருடத்தில்தான்.

பெரும்பாலான டி.ஓ. கல்லூரிகளுக்குச் சொந்த ஆஸ்பத்திரி கிடையாது. பல ஊர்களில் இருக்கும் ஆஸ்பத்திரிகளோடும் தனி டாக்டர்களோடும் ஒப்பந்தம் போட்டு, மாணவர்களைத் துறை துறையாகப் பிரித்து அனுப்புவார்கள், இதைத்தான் ரொட்டேஷன் என்பார்கள். இரண்டு வருடம் ஒன்றாக இருந்த வகுப்பு ஒரே மாதத்தில் நாலைந்து மாநிலங்களுக்குச் சிதறிவிடும். யாருக்கு எந்த ஊர் என்பதற்குச் சில இடங்களில் குலுக்கல்.

நல்ல இடம் அமைந்தால் பிரமாதம். சின்ன ஆஸ்பத்திரியில் உங்களுக்கும் டாக்டருக்கும் நடுவில் ரெசிடென்ட், ஃபெல்லோ என்று யாரும் இருக்கமாட்டார்கள். அறுவை சிகிச்சையில் நேராக முதல் உதவியாளாக நிற்கலாம். பெரிய பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் இருக்கும் என் பள்ளித்தோழி பின்வரிசையில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அதே மாதம், நான் தையல் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் மறுபக்கமும் உண்டு. ரெசிடென்ட்கள் இருக்கும் வார்டுக் குழுவில் வேலை செய்து பழகாவிட்டால் நான்காம் வருடம் வேறு ஆஸ்பத்திரிக்கு ஆடிஷன் ரொட்டேஷன் (ரெசிடென்சி வேண்டும் இடத்தில் சில வாரம் வேலை செய்து காட்டுவது) போகும்போது திணறும். காலை ரவுண்டில் நோயாளியைப் பற்றி எப்படிச் சொல்வது, இரவுக் குழுவுக்கு எப்படி ஒப்படைப்பது, இதெல்லாம் பார்த்துப் பழகினால்தான் வரும்.

எனக்கு நடந்தது: மகப்பேறு ரொட்டேஷன் தொடங்க இருந்த நேரத்தில் அந்த ஆஸ்பத்திரி பிரசவ வார்டையே மூடிவிட்டது. கிராமப்புற ஆஸ்பத்திரிகளில் இது சர்வசாதாரணம். கல்லூரி மாற்று இடம் தர இழுத்தடித்தது. கடைசியில் கிடைத்தது பிரசவமே நடக்காத ஒரு கிளினிக். வாடகை ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனதுதான் மிச்சம். செலவு என் கடனில் ஏறியது.

அதனால் பணம் கட்டுமுன் அந்தக் கல்லூரியில் இப்போது மூன்றாம், நான்காம் வருடம் படிப்பவர்களை மகள் நேரில் பிடித்துப் பேசட்டும். அட்மிஷன் அலுவலகம் காட்டும் சிரித்த முகங்களிடம் வேண்டாம். ரொட்டேஷன் இடங்களை யார் ஏற்பாடு செய்கிறார்கள், மாணவரே தேடிக்கொள்ள வேண்டுமா? உள்மருத்துவமும் அறுவையும் ரெசிடென்ட்கள் இருக்கும் ஆஸ்பத்திரியில் கிடைக்குமா? ஒரு இடம் கைவிட்டால் என்ன செய்வார்கள்? இருப்பிடம் தருவார்களா? இவற்றுக்குப் பதில் மழுப்பலாக வந்தால் அதுவும் ஒரு பதில்தான். கூடவே, முதல் முயற்சியிலேயே லெவல் 1 தேறுபவர்கள் எத்தனை பேர், சேர்ந்த வகுப்பில் நாலு வருடத்தில் முடிப்பவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்கவேண்டும். மேட்ச் (ரெசிடென்சி இட ஒதுக்கீடு) பட்டியல் பளபளவென்று இருக்கும். பாதியில் நின்றவர்களின் பெயர் அதில் இருக்காது.

#9 சார்லட் அம்மா

மிக்க நன்றி தம்பி (தங்கையா, தெரியவில்லை). லெவல் 1 என்றால் என்ன? மகள் இரண்டு பரீட்சை எழுதவேண்டியிருக்கும் என்கிறாள். ஏன் இரண்டு?

#10 ஓஹியோ ரெசிடென்ட்

டி.ஓ. உரிமத்துக்கு காம்லெக்ஸ் என்ற தேர்வு. மூன்று கட்டம்: லெவல் 1 பொதுவாக இரண்டாம் வருட முடிவில், லெவல் 2 மூன்றாம் வருடத்துக்குப் பிறகு, லெவல் 3 ரெசிடென்சியில். எம்.டி.க்காரர்களுக்கு யூ.எஸ்.எம்.எல்.இ. டி.ஓ. மாணவருக்கு காம்லெக்ஸ் கட்டாயம், மற்றது விருப்பம். ஆனால் பல ரெசிடென்சி இயக்குநர்களுக்கு காம்லெக்ஸ் மதிப்பெண்ணை எப்படி எடைபோடுவது என்று இன்னும் பழகவில்லை. அதனால் எலும்பு அறுவை, தோல், கதிரியக்கம் மாதிரி போட்டி அதிகமுள்ள துறை வேண்டுமென்றால் இரண்டையும் எழுதிவிடுகிறார்கள். இரண்டு கட்டணம், இரண்டு நாள், ஒரே மூளை.

2022இல் இரண்டு தேர்விலுமே முதல் கட்டம் தேர்ச்சி/தோல்வி மட்டும் என்று ஆகிவிட்டது. அதனால் இரண்டாம் கட்ட மதிப்பெண்ணுக்கு மவுசு கூடிவிட்டது. குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம், சமூக ஆஸ்பத்திரிகளில் உள்மருத்துவம் என்றால் காம்லெக்ஸ் மட்டுமே போதும். நான் அப்படித்தான் வந்தேன்.

முன்பு டி.ஓ.க்களுக்குத் தனி ரெசிடென்சி இடங்கள் இருந்தன. 2015இல் இணைக்கத் தொடங்கி 2020இல் முடித்தார்கள். இப்போது எல்லோருக்கும் ஒரே அங்கீகாரம், ஒரே மேட்ச். நல்லது நடந்தது, கெட்டதும் நடந்தது. டி.ஓ.க்களுக்கென்று ஒதுக்கியிருந்த அறுவைத் துறை இடங்களுக்கு இப்போது எம்.டி.க்களும் போட்டி போடுகிறார்கள்.

கரீபியன் வாதத்துக்கு: 2024 மேட்சில் டி.ஓ. இறுதியாண்டு மாணவர்களில் 92 சதவீதத்துக்கு மேல் இடம் பிடித்தார்கள். அமெரிக்க எம்.டி. மாணவர்கள் 93 சதவீதத்துக்குச் சற்று மேல். வெளிநாட்டில் (கரீபியன் உட்பட) படித்த அமெரிக்கக் குடிமக்கள் 67 சதவீதம் அளவில். இந்த 67 இறுதிவரை தாக்குப்பிடித்தவர்களின் கணக்கு, வழியில் கழன்றவர்கள் இதில் இல்லை. கரீபியன் போய் அருமையான டாக்டர்களாக வந்தவர்களோடு வேலை செய்கிறேன். ஆனால் கையில் டி.ஓ. இடம் இருக்கும்போது அங்கே போகச் சொல்வது எனக்குப் புரியவில்லை.

#11 கோட்டை மாமா

67 என்று எனக்குத் தெரியாது. சரி, கரீபியன் வாதத்தை வாபஸ் வாங்குகிறேன். ஒரு வருடம் காத்திருந்து எம்கேட்டை ஏற்றி மறுபடி எம்.டி.க்கு முயற்சி செய்யலாமே என்ற வாதம் அப்படியே இருக்கிறது.

#12 வலியும் வழியும்

நான் பிசியோதெரபிஸ்ட். ஒரு முள் குத்துகிறேன். கையால் செய்யும் இந்தச் சிகிச்சைக்கு ஆதாரம் எவ்வளவு? 1999இல் நியூ இங்கிலாந்து மருத்துவ ஜர்னலில் வந்த இடுப்புவலி ஆய்வில், ஆஸ்டியோபதி பெற்றவர்களும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களும் ஒரே அளவுக்குத்தான் குணமானார்கள். 2021இல் பிரான்ஸிலிருந்து வந்த ஆய்வில், போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் மிகச் சின்னது, நோயாளிக்குப் பெரிதாகப் பயன்படும் அளவில் இல்லை. மண்டையோட்டு எலும்புகளை விரலால் உணர்ந்து சரிசெய்வதாகச் சொல்லும் கிரேனியல் முறைக்கு அதுகூடக் கிடையாது. இதையெல்லாம் 200 மணி நேரம் படிப்பதற்குப் பதில் அந்த நேரத்தில் மருந்தியல் படிக்கலாமே?

#13 ஓஹியோ ரெசிடென்ட்

கிரேனியல் பற்றி உங்களோடு சண்டையில்லை. வகுப்பில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு எதையோ உணர்வதாக நடித்தோம். காம்லெக்ஸில் வருகிறது, அதனால் படித்தோம். பாடத்திட்டத்திலிருந்து அதைத் தூக்கவேண்டும் என்பவர்கள் டி.ஓ.க்களிலேயே நிறைய.

1999 ஆய்வை நீங்கள் பாதிதான் சொன்னீர்கள். குணமானது ஒரே அளவு, ஆனால் ஆஸ்டியோபதி பெற்றவர்களுக்கு வலி மருந்து குறைவாகத் தேவைப்பட்டது. ஓபியாய்டு ஊரையே அழித்த மலைப்பகுதியில் அது சின்ன விஷயமா? என் கிளினிக்கில் முதுகுவலிக்காரர்களுக்கும் கர்ப்பிணிகளின் இடுப்புவலிக்கும் செய்கிறேன். மருந்தே கொடுக்க யோசிக்கும் இடத்தில் கை ஒரு வழி. நிமோனியாவை இதனால் குணப்படுத்துவேன் என்று நான் சொல்லமாட்டேன். சொல்பவரை நம்பவும் மாட்டேன்.

#14 வலியும் வழியும்

சரி, மருந்து குறைந்ததை ஒப்புக்கொள்கிறேன். 2021 ஆய்வு பற்றி நீங்கள் வாயே திறக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன் :)

#15 ஸ்காபரோ வாசி

அக்கா, நான் ரொறொன்ரோவில் இருக்கிறன். ஒரு விசயம் கவனமாகப் பாருங்கோ. இங்கை ஆஸ்டியோபத் எண்டு போர்டு போட்டிருக்கிற ஆக்கள் மருத்துவர்கள் இல்லை, மருந்து எழுத ஏலாது. இங்கிலாந்திலும் அப்படித்தான். அமெரிக்காவிலை படிச்ச டி.ஓ. எண்டால் வேறை, அவை முழு மருத்துவர்கள். சொந்தக்காரர் கூகிளில் தேடிப்போட்டுப் பயப்படுத்தினால் இதைச் சொல்லுங்கோ. பிள்ளை பிறகு வேறை நாட்டிலை வேலை செய்ய யோசிச்சால் அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலின்ரை விதியை முதலே வாசிக்கச் சொல்லுங்கோ.

#16 கடன் கணக்கு

யாரும் பணத்தைத் தொடவில்லையே. பல தனியார் டி.ஓ. கல்லூரிகளில் கட்டணம் மட்டுமே வருடத்துக்கு 50,000 டாலரைத் தாண்டுகிறது. இருப்பிடம், சாப்பாடு, கார், தேர்வுக் கட்டணம் தனி. முன்பு மீதி முழுவதுக்கும் கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் கிடைத்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு அது இல்லை. மருத்துவ மாணவருக்கு அரசுக் கடன் வருடத்துக்கு 50,000, மொத்தம் 200,000 டாலர் என்று வரம்பு. அதற்கு மேல் தனியார் கடன். வட்டியும் கூட, பெற்றோர் கையெழுத்தும் கேட்பார்கள். நீங்கள்தான் அந்தக் கையெழுத்து, அக்கா. மாமா சொல்வதுபோல் ஒரு வருடம் காத்திருப்பதற்கும் விலை இருக்கிறது: டாக்டர் சம்பளத்தில் ஒரு வருடம் குறையும்.

மகளுக்கு நிஜமாகவே அடிப்படை மருத்துவத்தில் (குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம் மாதிரி) விருப்பம் இருந்தால் தேசிய சுகாதாரச் சேவைப் படையின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கட்டும். கட்டணத்தைக் கட்டி மாதச் செலவும் தருவார்கள். உதவி பெறும் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வருடம், குறைந்தது இரண்டு வருடம், பற்றாக்குறைப் பகுதியில் வேலை செய்யவேண்டும். ஆனால் இதில் மாட்டிக்கொண்டு பிறகு எலும்பு அறுவைக்குப் போக ஆசைப்பட்டால் கதை கந்தல், ஒப்பந்தத்தை மீறினால் அபராதம் கடுமை. ராணுவ உதவித்தொகையும் டி.ஓ.க்களுக்கு உண்டு. இலாப நோக்கற்ற ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே 120 மாதத் தவணை கட்டினால் மிச்ச அரசுக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டமும் இருக்கிறது. தனியார் கடனுக்கு அது கிடையாது. அதனால்தான் அந்த 200,000 வரம்பு உறுத்துகிறது.

#17 நிலக்கரி டாக்டர்

கடன் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: மலைப்பகுதி ஆஸ்பத்திரிகள் ஆள் கிடைக்காமல் தவிப்பதால், ரெசிடென்சியில் இருக்கும்போதே ஒப்பந்தம் போட்டுக் கடனில் ஒரு பங்கைக் கட்ட முன்வருகின்றன. கையெழுத்துப் போடுமுன் வக்கீலிடம் காட்டவேண்டும்.

மாமா, மறுபடி விண்ணப்பிப்பதைப் பற்றி. கிடைத்த டி.ஓ. இடத்தை விட்டுவிட்டு அடுத்த வருடம் வந்தால், டி.ஓ. கல்லூரிகள் அதைக் கேட்கும். பிள்ளைக்குக் கையிலிருந்ததும் போய்விடலாம். தோல் மருத்துவமோ நரம்பு அறுவையோதான் வேண்டும் என்று இப்போதே உறுதியாக இருந்தால் காத்திருப்பதில் நியாயம் உண்டு. சகோதரி, மகளுக்கு என்ன ஆசை என்று நீங்கள் எழுதவே இல்லையே?

#18 சார்லட் அம்மா

அதுதான் விஷயம். குழந்தை மருத்துவம் என்கிறாள். எட்டாம் வகுப்பிலிருந்தே அதையேதான் சொல்கிறாள். நாங்கள்தான் மாறும், மாறும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எல்லோர் பதிலையும் கணவருக்குப் படித்துக்காட்டினேன். கரீபியன் பேச்சு நின்றுவிட்டது. சனிக்கிழமை மூன்று பேருமாகக் காரில் கல்லூரிக்குப் போய் வந்தோம். மூன்றாம் ஆண்டு சொன்ன கேள்விகளை மகள் அங்கே நான்காம் வருடம் படிக்கும் இரண்டு பெண்களிடம் கேட்டாள். உள்மருத்துவத்துக்கு ரெசிடென்ட்கள் உள்ள ஆஸ்பத்திரி உறுதியாம். குழந்தை மருத்துவம் பெரும்பாலும் கிளினிக்கில்தான், வார்டு அனுபவத்துக்கு நான்காம் வருடம் வேறு ஊருக்குப் போய்க்கொள்ளவேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். பிரசவ வார்டு கேள்விக்கு, போன வருடம் ஒரு இடம் மூடியது, பக்கத்து மாநிலத்துக்கு மாற்றினார்கள், தங்க இடமும் கொடுத்தார்கள் என்றார்கள். கணவர் ஓ.எம்.எம். லேபில் மேசையில் படுத்துக் கழுத்துவலிக்குப் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எதிர்க்கட்சியில் இல்லை. (வலி ஞாயிறு திரும்ப வந்துவிட்டது. வலியும் வழியும் சிரிக்கவேண்டாம்.)

முன்பணம் கட்டப்போகிறோம். காத்திருப்புப் பட்டியலில் எம்.டி. இடம் வந்தால் என்ன செய்வது என்பது மட்டும் பாக்கி.

#19 மூன்றாம் ஆண்டு

வாழ்த்துகள் ஆன்ட்டி! (தங்கைதான்.) எம்.டி. இடம் வந்தால் இரண்டு கல்லூரியின் மூன்றாம் வருடத்தையும் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சொந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரி உள்ள கல்லூரி, அதுவும் கட்டணம் குறைவு என்றால் நான் போய்விடுவேன், முன்பணம் போனாலும் பரவாயில்லை. வகுப்பு தொடங்கிய பிறகு மட்டும் மாற யோசிக்கவேண்டாம்.

#20 சார்லட் அம்மா

சரிம்மா. கடைசியாக ஒன்று: அவள் முட்டைகூடச் சாப்பிடமாட்டாள். அந்த ஊரில் சுற்றிப் பார்த்ததில் வால்மார்ட்டும் பர்கர் கடைகளும்தான் கண்ணில் பட்டன.

#21 நிலக்கரி டாக்டர்

நாங்கள் இருபது வருடத்துக்கு மேலாக இங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், கவலை வேண்டாம். பிரஷர் குக்கரும் மிக்ஸியும் கொடுத்து அனுப்புங்கள். அரிசி, பருப்பு, புளி எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கும் பெரிய ஊரில் கிடைக்கும். மாதம் ஒரு தடவை யாராவது டாக்டர் குடும்பம் போகும்போது எல்லோருக்கும் சேர்த்து வாங்கி வருவது இங்கே வழக்கம். எந்தக் கல்லூரி என்று தனிமடலில் சொல்லுங்கள், அந்த ஊர்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுகிறேன். குளிர்காலத்துக்கு முன் காருக்கு நல்ல டயர் மாற்றிக்கொடுங்கள், மலைச்சாலையில் பனி விழுந்தால் பழைய டயர் நிற்காது.